லேசர் அறையில் மகளின் விரல்கள்

கண்டியில் சத்திரசிகிச்சை வைத்தியர் என் மகளின் வலக்கைச் சுட்டுவிரலைப் பேனாவின் மூடியால் தொட்டுக்காட்டி, நுனி தப்புமா போகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். சிங்களத்தில்தான் சொன்னார். எனக்காக மெதுவாகச் சொன்னார். முதல் தடவையே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தும் திரும்பக் கேட்டேன். அவர் அதே வார்த்தைகளை அதே வேகத்தில் இன்னொரு முறை சொன்னார். மகள் விரலைப் பார்க்காமல் சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. பயம் வந்ததா என்றுகூட இப்போது நினைவில்லை. வெளியே வந்து, வாசலில் விற்ற வடையில் நான்கு வாங்கினேன். ஆளுக்கு இரண்டு. அவளுடையதை நான் பிய்த்துக் கொடுத்தேன். வலது கையால் அவளுக்குப் பிய்க்க முடியவில்லை. அடுத்து வந்த மாதங்கள் முழுவதும் நான் அப்படித்தான் இருந்தேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

நாங்கள் இருப்பது ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். மனைவி கொழுந்து பறிக்கிறாள். நான் பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் இரண்டு அறை சேர்த்துக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டோம். மகள் ஒரே பிள்ளை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்து, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். எழுதுவது வலது கையால்.

அவளுடைய விரல்களில் கோளாறு தொடங்கி அப்போதே இரண்டு வருடமாகியிருந்தது. அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். எங்கள் பக்கம் மார்கழியிலும் தையிலும் புல்லில் உறைபனி விழும். அந்த மாதங்களில் எல்லோருடைய விரலும் வெடிக்கும். கொழுந்துக்குப் போகிற பெண்களின் விரல்களில் வெடிப்பும் கறையும் வருடம் முழுக்க இருக்கும். அதனால் விரலை யாரும் ஒரு விஷயமாக எடுத்துப் பேசுவதில்லை. ஒருநாள் காலை பீலியில் கொட்டும் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்தவள், கையை நீட்டி "அப்பா, இங்க பாருங்க" என்றாள். நான்கு விரல்கள் நடுக்கணு வரைக்கும் மெழுகுதிரி நிறத்தில் இருந்தன. கையைக் கக்கத்தில் வைத்துக்கொள் என்றேன். சிறிது நேரத்தில் வெள்ளை நீலமாகி, நீலம் சிவப்பாகி, சிவக்கும்போது எரிகிறது என்று உதறினாள். இரத்தம் பத்தாது என்று மனைவி முருங்கைக்கீரை சமைத்தாள். படிக்காமல் இருக்க இதுவும் ஒரு சாட்டு என்று நான் சொன்னேன். சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. மேசையில் அவளுடைய இரசாயனவியல் கொப்பி திறந்தபடி கிடந்தது.

பிறகு விரல்கள் வீங்கின. வீக்கம் வற்றியபோது தோல் இழுத்துக் கட்டியது போல மினுங்கியது. கையை முழுதாக மூட முடியவில்லை. மனைவி நுவரெலியாச் சந்தையிலிருந்து கம்பளிக் கையுறை வாங்கி வந்து போட்டுவிட்டாள். மகள் அதைப் போட்டுக்கொண்டு வாசல் இஸ்தோப்பில் வந்து நின்ற முதல் நாள், பக்கத்துக் காம்பராக்காரி கொழுந்துக் கூடையோடு கடந்து போனவள் நின்று பார்த்தாள். அவள் என் மனைவியோடு ஒரே மலையில் கொழுந்து நிரை பிடிக்கிறவள். வாயை அடக்கத் தெரியாதவள்.

"என்னா தொரசாணி, கைக்கும் சொக்ஸ் போட்டாச்சா? குதிர எப்ப வருது?"

"குதிரைக்கு இன்னிக்கு லீவு மாமி. நீங்க வந்து தூக்கிட்டுப் போங்க" என்றாள் மகள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லயத்தில் அவளுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது.

நுவரெலியாவில் காட்டி, அங்கிருந்து கண்டிக்கு அனுப்பி, இரத்தம் எடுத்து, ஒரு தோல் வைத்தியர் கடைசியில் நோயின் பெயரைச் சொன்னார். ஸ்க்லெரோடெர்மா. வைத்தியர் ஐம்பது வயதளவிலான சிங்களப் பெண்மணி. ஓரளவு தமிழ் பேசுவார். உடம்பு தன்னுடைய தொடுப்பிழையத்தையே எதிரியாக எண்ணித் தாக்குகிறது, அதனால் தோல் இறுகுகிறது, விரல்களுக்குப் போகும் சின்ன இரத்தக்குழாய்கள் ஒடுங்குகின்றன என்று விளக்கினார். அந்தச் சொல்லை அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். நான் அதைத் தமிழில் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். தொடுப்பிழையம். உடலின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்துத் தாங்கும் இழையம். வருடந்தோறும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இரண்டு புள்ளிக் கேள்வியாகக் கொடுத்து, பிழையாக எழுதியவர்களை ஐந்து முறை எழுத வைத்திருக்கிறேன்.

மாத்திரைகள் தந்தார்கள். இரத்தக்குழாயை விரிக்க ஒன்று, வேறு இரண்டு. ஐப்பசியில் வலது சுட்டுவிரலின் நுனியில் ஒரு புண் வந்தது. பச்சைப் பயறு அளவுதான் இருக்கும். ஆறவில்லை. அதைக் காட்டத்தான் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் போனோம்.

அதே வாரம் தோல் வைத்தியர் லேசர் பற்றிச் சொன்னார். தோலின் மேலிருந்து அடிக்கும் ஒளி உள்ளே இறங்கி இரத்தக்குழாய்களில் உறிஞ்சப்படும், சிலருக்கு அதன்பிறகு விரல்களில் இரத்த ஓட்டம் கூடுகிறது, குளிரில் விரல் வெளுப்பது குறைகிறது, புண் ஆறவும் உதவலாம் என்றார். ஏன் அப்படி நடக்கிறது என்பது முழுதாகத் தெரியாது, நோயை இது குணமாக்காது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னார். மாதம் ஒரு முறை. முதலில் நான்கு முறை. விரல் தப்புமா என்று கேட்டேன். உதவலாம், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். நேர்மையான பதில். வீட்டுக்கு வந்து மனைவியிடம், லேசர் வைத்தால் விரல் தப்பிவிடுமாம் என்று சொன்னேன்.

அன்று வைத்தியர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். தோலின் நிறம் எவ்வளவு கறுப்போ அவ்வளவுக்கு ஒளி மேல்தோலிலேயே தங்கிச் சுடும், அதனால் எங்களைப் போன்றவர்களுக்குப் பலத்தைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும், கையில் மருதாணி வைக்கக் கூடாது, நிறமுள்ள எதையும் பூசக் கூடாது. நான் தலையாட்டினேன். வீட்டில் மருதாணி கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். பக்கத்துக் காம்பராவில் ஒரு சடங்குக்கு மருதாணி அரைத்தபோது மகளைத் தூரமாக உட்கார வைத்தேன். என் மனதில் மருதாணி மட்டும்தான் பதிந்திருந்தது.

முதல் முறை கார்த்திகையில். லேசர் என்றதும் நான் ஏதோ பெரிய வெளிச்சத்தை எதிர்பார்த்தேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை. சுவரிலிருந்த கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. மகளுக்கும் எனக்கும் கறுப்புக் கண்ணாடி தந்தார்கள். இயந்திரத்தை இயக்குகிற பெண் மகளின் விரல் ஒவ்வொன்றையும் ஈரப்பஞ்சால் துடைத்து, உலர்த்தி, பேனா போன்ற ஒன்றை விரலின் பக்கவாட்டில் வைத்து நகர்த்திக்கொண்டே போனார். டிக், டிக் என்று சத்தம் மட்டும் கேட்டது. புண்ணைத் தொடவில்லை. அதைச் சுற்றித்தான் போனார்.

"சுடுதா மா?"

"கடுகு தெறிக்கிற மாதிரி இருக்குப்பா."

இரண்டு கைக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் இருக்கும். அதற்கு ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் போய், ஐந்து மணித்தியாலம் திரும்பி வர வேண்டும். திரும்பும்போது கொத்மலைப் பக்கம் ஏறுகையில் அவள் கையுறையைக் கழற்றி விரல்களைக் காட்டினாள். இளஞ்சிவப்பாக இருந்தன. நுவரெலியா பஸ் நிலையத்தில் காற்று அடித்தபோதும் வெளுக்க நேரமெடுத்தன. அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று நினைக்கிறேன். ராகலை பஸ்ஸில் நிறையப் பேசிக்கொண்டு வந்தாள். அந்த மாதம் புண்ணின் ஓரம் கொஞ்சம் சுருங்கியது.

இரண்டாம் முறை மார்கழியில். முதல் பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன்னே இறங்கிப் போய் ரோட்டோரம் நின்றோம். மூடுபனி கனமாக இருந்தது. அவளுடைய விரல்கட்டு நனைந்துவிட்டது. கையுறைக்குள் ஈரத்தோடு ஐந்து மணித்தியாலம் போகக் கூடாது என்று நினைத்து, மாற்றிக் கட்டுகிறேன் என்றேன். கண்டியில மாத்திக்குவாங்கப்பா என்றாள். நான் கேட்கவில்லை. புண்ணோடு துணி ஒட்டியிருந்தது தெரியாமல் இழுத்துவிட்டேன். அவள் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தாள். இரத்தம் வந்தது. என் கையில் இருந்த புதுக் கட்டுத்துணி சேற்றில் விழுந்தது. பஸ்ஸின் வெளிச்சம் மேல் வளைவில் தெரிந்தது.

அட்டை கடித்தாலும், கவ்வாத்துக் கத்தி பட்டாலும், எங்கள் ஆட்கள் செய்வது ஒன்றுதான். மூன்று கொழுந்தைக் கிள்ளி, உள்ளங்கையில் கசக்கி, சாறோடு அமுக்கிப் பிடிப்பார்கள். இரத்தம் நின்றுவிடும். நானும் சின்ன வயதில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். வாத்தியாரான பிறகு, அதைச் செய்துகொண்டு வரும் பிள்ளைகளைச் சவுக்காரம் போட்டுக் கழுவச் சொல்லித் திட்டியும் இருக்கிறேன். அன்று காலை என் கை தானாகப் பக்கத்துத் தேயிலைச் செடிக்குப் போனது. கிள்ளினேன், கசக்கினேன், அவளுடைய விரலில் வைத்து என் கைக்குள் பொத்திப் பிடித்தேன். இரத்தம் நின்றது. பஸ்ஸில் ஏறி என் கைக்குட்டையைச் சுற்றிவிட்டேன். நல்ல வேளை என்று நினைத்தேன். அவள் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

லேசர் அறையில் கைக்குட்டையை அவிழ்த்தபோது சுட்டுவிரல் கணு வரைக்கும் கறுத்திருந்தது. பெருவிரலிலும் நடுவிரலிலும் பட்ட இடமெல்லாம் கறை. இயந்திரத்தை இயக்குகிற பெண் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. இன்னொரு பஞ்சு. போகவில்லை. வைத்தியரைக் கூப்பிட்டார். வைத்தியர் வந்து விரலை விளக்கடியில் பிடித்துப் பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் மகள் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டாள். வேகமாகச் சொன்னாள். தேயிலை என்றதும், தானே வைத்துக்கொண்டதாகச் சொன்னதும் எனக்கு விளங்கியது.

வைத்தியர் கோபப்படவில்லை. படித்த பிள்ளை இப்படிச் செய்யலாமா என்று மட்டும் கேட்டார். இந்தக் கறையின் மேல் ஒளியை வைத்தால் எல்லாவற்றையும் கறையே உறிஞ்சித் தோல் பொசுங்கிவிடும், ஏற்கனவே இரத்தம் ஓடாத விரலில் சூட்டுக்காயம் வந்தால் ஆறாது என்றார். கொழுந்து பறிக்கிற பெண்கள் வந்தால் இரண்டு வாரம் மலைக்குப் போகாமல் இருந்துவிட்டுத்தான் வரச் சொல்கிறோம் என்றார். இந்த நோயாளிகளுக்கு அந்த இயந்திரம் மாதத்தில் ஒரு நாள்தான். அடுத்த மாதம் வரச் சொன்னார்.

தரம் எட்டுக்கு நான் வருடந்தோறும் ஒரு பரிசோதனை செய்து காட்டுகிறேன். இரண்டு பால்மாத் தகரப் பேணி. ஒன்றுக்குக் கறுப்பு மை பூசி, மற்றதுக்கு வெள்ளை பூசி, தண்ணீர் ஊற்றி வெயிலில் வைப்பேன். கறுப்புப் பேணியின் தண்ணீர் முதலில் சூடாகும். ஏன் என்று கேட்பேன். பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள்.

அந்த அறையில் நான் நின்றேன். கறுப்புக் கண்ணாடி இன்னும் என் கண்ணில் இருந்தது. நான்தான் வைத்தேன் என்று சொல்ல எனக்குப் போதிய சிங்களம் தெரியும். வைத்தியருக்குத் தமிழும் தெரியும். நான் பேசவில்லை.

வீட்டில் மனைவி ஓடி வந்து, வச்சாங்களா என்று கேட்டாள். மெசின் பழுது என்றேன். மகள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மனைவி அதை லயம் முழுக்கச் சொன்னாள். பக்கத்துக் காம்பராக்காரி வந்து எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"கண்டி மெசினும் நம்ம பெக்டரி மெசின் மாதிரிதானா வாத்தியாரே? அங்கயும் நம்ம பெக்டரி மெக்கானிக் பாஸ்தான் போய் ரிப்பேர் பாக்குறாரோ?"

ஆமாம் என்றேன்.

அந்த மாதம் குளிர் மோசமாக இருந்தது. தேயிலைக் கறை பத்து நாளில் போய்விட்டது. அது போனபின் அதற்குக் கீழே வேறு ஒரு கறுப்பு தெரிந்தது. விரல் நுனியில், நகத்துக்கு முன்னால், நிலக்கடலைத் தோல் அளவு. முதலில் கறைதான் மிச்சம் என்று நினைத்தோம். நினைத்தோம் என்று எழுதுகிறேன். அவள் அப்படி நினைத்திருக்கமாட்டாள். அந்த இடத்தில் தொட்டால் தெரியவில்லை என்று அவள்தான் சொன்னாள்.

கண்டிக்குத் தொலைபேசியில் அழைத்தபோது உடனே வரச் சொன்னார்கள். சத்திரசிகிச்சை வைத்தியர் பார்த்தார். நுனி செத்துவிட்டது, ஆனால் உலர்ந்திருக்கிறது, உலர்ந்திருக்கும் வரைக்கும் வெட்டாமல் பார்க்கலாம் என்றார். கறுப்பு முதல் கணுவின் கோட்டை நோக்கி நகர்ந்தால், அல்லது ஈரம் கட்டினால், மணம் வந்தால், அந்தக் கணுவரை எடுக்க வேண்டும். பத்து வாரம் வரை காத்திருந்து பார்ப்போம் என்றார்.

அதன்பிறகு நான் தினமும் அளந்தேன். மனைவி காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் நேரத்தில், மகள் சாப்பாட்டு மேசையில் கையை விரித்து வைப்பாள். கணுவின் கோட்டிலிருந்து கறுப்பின் ஓரம் வரை எத்தனை மில்லிமீற்றர் என்று அடிக்கோலால் பார்ப்பேன். பதினொன்று. பதினொன்று. பத்தரை. பதினொன்று. பாடசாலையில் பாடம் நடத்தும்போதும் அந்த எண் என் தலையில் இருக்கும். வேறு எதுவும் இருக்காது. மனைவி ஒருநாளும் அந்த மேசைப் பக்கம் பார்க்கவில்லை. கதவடியில் நின்று, "கறுப்பு கூடியிருக்கா?" என்று மட்டும் கேட்பாள். இல்லை என்றதும் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விடுவாள். பத்தரை வந்த அன்று, நான் அடிக்கோலைச் சரியாக வைக்கவில்லை என்று சொன்னேன்.

தை மாத லேசருக்குப் போனோம். மகளின் கைக்கு ஒளி வைத்து முடிந்து அவள் கையுறை போட்டுக்கொண்டிருந்தபோது, நான் வைத்தியரிடம், அந்தத் தேயிலையை வைத்தது நான் என்று சொன்னேன். தமிழில் சொன்னேன், கட்டை இழுத்ததையும் சேர்த்து. முன்கூட்டி நினைத்துச் சொன்னதல்ல. வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். விடுபட்ட ஒரு முறையால்தான் நுனி கறுத்ததா என்று கேட்டேன். அதை யாராலும் சொல்ல முடியாது, அந்தக் குளிரே போதும் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, திறந்த புண்ணில் அழுத்தித் தேய்த்ததும், அதற்கு முன்னால் கட்டைப் பிடித்து இழுத்ததும் அன்றே தெரிந்திருந்தால் அன்றே கிருமிக்கு மருந்து கொடுத்திருப்பேன் என்றார். பிறகு மகளின் மருத்துவக் கோவையில் ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார்.

வெளியே படிக்கட்டில் மகள் எனக்கு முன்னால் இறங்கிப் போனாள். நடுவில் நின்றாள்.

"எனக்குக் கோவம் இல்லன்னு நெனைக்காதீங்கப்பா. இருக்கு."

நான் இரண்டு படி மேலே நின்றேன்.

"கொழுந்து வச்சதுக்கு இல்ல. அவசரத்துல வச்சீங்க. நான் பொய் சொன்னப்ப பேசாம நின்னீங்களே, அதுக்கு."

"சரி மா."

"சரியெல்லாம் இல்ல. வாங்க, பஸ்ஸப் புடிப்போம்."

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்துதான வச்சீங்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நானா இருந்தாலும் அதத்தான் வச்சிருப்பேன்" என்றாள். அந்த ரொட்டியை எடுத்துவிட்டு அடுத்ததைக் கல்லில் போட்டாள். அதன்பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கொழுந்துக்காக இல்லை. மெசின் பழுது என்று சொன்னதற்காக. லயத்தில் எல்லோரிடமும் அவள் அதைச் சொல்லியிருந்தாள். யாரிடமும் மாற்றிச் சொல்லவும் இல்லை.

மாசியிலும் பங்குனியிலும் போனோம். ஒவ்வொரு முறையும் அதே அறை, அதே கண்ணாடி, அதே டிக் டிக். மற்ற விரல்கள் முன்புபோல அடிக்கடி வெளுக்கவில்லை. அவள் அதைச் சொல்வாள். நான் கேட்டுக்கொள்வேன். பனி குறைந்ததாலா, ஒளியாலா, கூட்டிய மாத்திரையாலா என்று நான் வைத்தியரிடம் கேட்டேன். எல்லாமாகவும் இருக்கலாம் என்றார். சுட்டுவிரலின் கறுப்பு நகரவில்லை. பதினொன்றிலேயே நின்றது. சத்திரசிகிச்சை வைத்தியர் பத்து வாரத்தைப் பன்னிரண்டாக்கினார்.

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த முதல் ஞாயிறு காலை, அவள் இடக்கைக் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வலக்கையினதைக் கழற்றினாள். கம்பளிக்குள்ளிருந்து ஏதோ மேசையில் விழுந்தது. கறுப்பாக, குழிவாக, சின்னச் சிப்பி போல. நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். பிறகுதான் அவளுடைய விரலைப் பார்த்தோம். நுனி முன்பிருந்ததை விடச் சில மில்லிமீற்றர் குட்டையாகிக் கூர்ந்திருந்தது. நகம் பாதி இல்லை. கறுப்பு இருந்த இடத்தில் புதுத் தோல், இளஞ்சிவப்பாக, ஈரமில்லாமல்.

"இத என்னங்க பண்றது?" என்று மனைவி கேட்டாள்.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் என்னிடம் அதற்கு ஒரு பதில் இருக்க வேண்டும். புதைப்பதா, எரிப்பதா, போத்தலில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோவதா.

"தொரசாணியோட வெரலு. கண்ணாடிப் பெட்டியில வைங்க" என்றாள் மகள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அந்த இரண்டரை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான். மனைவி அதைக் கடதாசியில் மடித்து வெளியே கொண்டுபோனாள். எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை.

கண்டியில் சத்திரசிகிச்சை வைத்தியர் விரலை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், நுனியை ஊசியின் பின்பக்கத்தால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றாள். வெட்ட எதுவும் இல்லை என்றார் அவர். கணு தப்பிவிட்டது, விரல் இருக்கும், இனி என்னிடம் வர வேண்டியதில்லை. எழும்பலாம் என்றார். நான் எழும்பவில்லை. மகள் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். நன்றி சொன்னேனா என்று பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். சொன்னீங்க, மூணு தடவ என்றாள்.

சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். அன்று வரவில்லை, அந்த வாரமும் வரவில்லை. இப்போதும் அதைத் தேடுவதுபோல ஏதோ ஒன்று இருக்கிறது. காலையில் அவள் எழும்புமுன் நானே எழும்பிவிடுகிறேன். கையுறையை அடுப்பு மேட்டில் காய வைத்து எடுத்துக் கொடுக்கிறேன். அவள் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைப் பிடித்து எழுதப் பழகியிருக்கிறாள். எழுத்து முன்னைவிடப் பெரிதாக விழுகிறது. கல்வியியற் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது, படிவத்தை அவளே நிரப்பினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்தேன்.

அடுத்த குளிருக்கு முன்னால் இன்னும் இரண்டு முறை ஒளி வைத்துக்கொள்ளலாம் என்று தோல் வைத்தியர் சொன்னார். நோய் எங்கும் போய்விடவில்லை, வேறு விரல்களும் இருக்கின்றன. புரட்டாசியில் போனோம். லேசர் அறை வாசலில் நான் வழக்கம்போல செருப்பைக் கழற்றினேன்.

"நீங்க வெளிய இருங்கப்பா" என்றாள். "நான் போயிட்டு வர்றேன்."

கதவு மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பச் செருப்பைப் போட்டுக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண் இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். கொத்மலைப் பக்கம் என்றார். மடியில் வைத்திருந்த இரண்டு கைக்கும் ஆண்களுடைய காலுறையைப் போட்டிருந்தார். அவருக்கு அன்றுதான் முதல் முறை. உள்ளே யார் என்று கேட்டார். மகள் என்றேன்.

"இது வேல செய்யுதுங்களா அண்ணே?"

எனக்குத் தெரிந்தவற்றையெல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். அவற்றில் அவருக்குச் சொல்லக்கூடியது அதிகம் இருக்கவில்லை.

"மகளுக்கு வெரல் இருக்குங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். உள்ளே டிக் டிக் சத்தம் தொடங்கிவிட்டது. நான் எண்ண ஆரம்பித்தேன். இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன்.